திராட்சையோடா, இல்லாமலா

டிசம்பர் முப்பத்தொன்று, ஹார்லிங்கன் துறைமுகம்.
காலை ஆறு மணிக்கே மாவு பொங்கி
வாளியின் மூடியைத் தலையால் முட்டித் தள்ளிவிட்டது.
இன்று அதற்கும் அவசரம்.

வாடன் கடலிலிருந்து வரும் காற்று
என் வண்டியின் தகரப் பலகையைப் பிடித்து உலுக்குகிறது.
வரிசை மீன்கடை வரை போய்
அங்கே வளைந்து பாலத்தில் ஏறியிருக்கிறது.
தூறலுக்கு ஒருவரும் குடை விரிக்கவில்லை.
குடை விரித்தால் வெளியூர்.

ஓலிபொல்.
எண்ணெய் உருண்டை என்று அர்த்தம், அவ்வளவுதான்.
எங்கள் ஆட்கள் பெயர் வைப்பதில்கூடச்
சிக்கனமானவர்கள்.
ஒரு கரண்டி மாவு விழுகிறது, மூழ்குகிறது,
கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே வருகிறது.
நான் புரட்டுவதில்லை.
ஒரு பக்கம் வெந்ததும் அதுவே புரண்டு படுக்கும்.
புரளாமல் அடம்பிடிப்பதை மட்டும்
இடுக்கியால் லேசாகத் தொடுவேன்.

ஜன்னல் முழுக்க ஆவி. முகங்கள் தெரியாது,
கேட்பதை வைத்துத்தான் ஆளைச் சொல்வேன்.
இருபது, பாதிக்குப் பாதி: படகுப் பட்டறை.
பன்னிரண்டு, நன்றாகச் சிவந்ததாக: தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள்.
ஒன்றே ஒன்று, சர்க்கரை வேண்டாம்: பல் மருத்துவர்.

சீப்ரனுக்குப் பத்து வருடமாக ஒரே கணக்கு,
ஐந்து திராட்சையோடு, ஐந்து இல்லாமல்.
திராட்சை யெல்ட்யேவுக்கு.
தப்பித் தவறி அவன் தட்டில் ஒன்று வந்துவிட்டால்
நோண்டி நோண்டி எடுத்து ஓரத்தில்
செத்த ஈக்களைப் போல வரிசையாக வைப்பானாம்.
அவள்தான் சொன்னாள், இதே ஜன்னலில், சிரித்தபடி.
அப்போது சிரித்தாள்.
போன மார்ச்சில் ஃபிரானகருக்குக் குடிபோய்விட்டாள்.
பியானோவும் கூடப் போனதாகக் கேள்வி.

இன்று அவன் முறை வந்தது.
"ஐந்து திராட்சையோடு" என்றான்,
நாக்கு தடம் தெரிந்த மாடு.
பிறகு நின்றான்.
என் இடுக்கியும் நின்றது.
சட்டியில் நான்கைந்து ஒன்றாகப் புரண்டன.
பின்னால் யாரோ இருமினார்கள்.
அவன் திருத்தவில்லை, நானும் கேட்கவில்லை.
ஐந்தும் ஐந்தும் போட்டுப்
பொடிச் சர்க்கரையைத் தூவினேன், கை சற்றுத் தாராளமாக.
பத்து வாங்கினால் ஒன்று சும்மா.
அது எது?
"திராட்சை" என்றான்.

கப்பல் கயிறு கட்டும் இரும்புக் குற்றியில் உட்கார்ந்து
அதை அங்கேயே கடித்தான்.
காற்று பையைத் தூக்கி ஓர் உதறு உதறியது.
கறுப்புக் கோட்டு, தாடி, ஒரு புருவம்,
எல்லாம் வெள்ளை.
எதையும் நோண்டவில்லை.
கசப்பு மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி முகத்தைச் சுளித்து
மென்றான், விழுங்கினான்,
இன்னொன்றை எடுத்தான்.
வரிசையைத் தாண்டி என்னைப் பார்த்துக் கத்தினான்:
"இதைவிட மோசமாக இருந்திருக்கலாம்!"
எங்கள் பக்கத்தில்
இதற்கு மேல் பாராட்டு கிடையாது.

மாலை நான்கரைக்கே இருட்டு.
தூரத்தில் பையன்கள் பட்டாசை முன்கூட்டியே வெடிக்கிறார்கள்.
விடிந்ததிலிருந்து சர்க்கரையைச் சுவாசித்தவளுக்கு
இனிப்பு என்பது ஒரு தலைவலி.
ஏப்ரன் பையில் கைவிட்டுக்
கறுப்பாக ஒரு மிட்டாயை எடுத்து அதக்கிக்கொள்கிறேன்,
இரட்டை உப்புப் போட்ட அதிமதுரம்.
பெயரில் மதுரம், அதிலும் அதி.
வாயிலோ கடல்.
கண்ணில் நீர் வருகிறது, நன்றாக இருக்கிறது.

வாளியின் அடியில் கடைசி மாவு.
திராட்சை எல்லாம் அங்கேதான் இறங்கிக் கிடக்கும்.
சுரண்டி ஊற்றினால் ஆறு தேறியது,
மாவைவிடத் திராட்சை அதிகம்.

பலகையை இறக்கப் போகும்போது
தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர்.
"எத்தனை மிச்சம்?"
குரலை மாற்றிப் பேசினார், பாவம்.
"ஆறு, டாக்டர்."
சர்க்கரை வேண்டுமா என்று
நான் கேட்கவே இல்லை.
டப்பாவைக் கவிழ்த்தேன்.